ஜான்சி விசாரித்த கல்லூரிகள்

பீர்க்கன்கரணை ஆலயத்துச் சபையில் ஜான்சியைக் கேட்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. வரன் வந்தால் முதலில் பாஸ்டரம்மாவிடம் சொல்வார்கள், அடுத்ததாக ஜான்சியிடம். மறுநாளே ஜான்சி கைப்பையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை குடியிருக்கும் ஏரியாவில் போய் இறங்கிவிடுவாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள்.

"வூட்ல கேட்டா தங்கமான புள்ளைன்னுதான் சொல்லுவாங்க. பெத்தவங்க வேற இன்னா சொல்லுவாங்க?" என்பாள்.

அவள் கேட்பதெல்லாம் தெருமுனை டீக்கடையில், இஸ்திரி வண்டியில், மாவுக்கடையில். பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், யாரோடு சுற்றுகிறான், குரலை உயர்த்திப் பேசுவானா, எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். வேலை பெருங்களத்தூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில், ரிசப்ஷனில். ஆக, மற்றவர்களை வாய் திறக்கவைப்பது அவளுக்கு வேலை நேரத்திலும் பழக்கம்தான். கேட்டு வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், சொன்னவர் குரலிலேயே ஒப்பிப்பாள். அதனால்தான் அவள் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. அவள் விசாரித்துச் சரி என்று சொன்ன கல்யாணம் எதுவும் இதுவரை முறியவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள், பெனிட்டா. பிளஸ் டூ முடித்து, நல்ல கட்-ஆஃபும் வாங்கிவிட்டு, ஒருநாள் சாப்பிடும்போது, "நான் கேம் பண்ணப் போறேன்" என்றாள்.

அவள் அப்பா ஜீவானந்தம் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். ரசத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"கேம் வெளையாடறதுக்கு ஒரு காலேஜா?"

"வெளையாடறதுக்கு இல்லப்பா. கேம் எழுதறதுக்கு. புரோகிராமிங்."

"அத்த எழுதறவன் சோத்துக்கு இன்னா பண்றான்?"

"உன்னவிட நல்லா சாப்பிடறான்ப்பா."

ஜீவானந்தத்துக்குக் கோபம் வரவில்லை. வந்தாலும் செல்லுபடியாகாது. ஏனென்றால் பெனிட்டா ஏற்கெனவே ஒரு கேம் எழுதியிருந்தாள், அதற்கு முதல் அடிமை அவர்தான். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கேம். கை காட்டுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, டிராஃபிக் போலீஸ் கண்ணில் படாமல் போய்ச் சேரவேண்டும். ஒரே ஒரு கோளாறு உண்டு. வேகமாகப் போய் ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால், ஆட்டோ பயணிகளோடு சேர்ந்து ஆகாயத்தில் பறந்துவிடும். அதைப் பார்த்து ஜீவானந்தம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "பறக்கறதுதாம்மா இதுல சூப்பரா கீது, அத்த மாத்திடாத" என்று பாராட்டுவார். பெனிட்டாவுக்கோ அது மானப் பிரச்சினை. எத்தனையோ விதமாக மாற்றி எழுதிப் பார்த்தாள். ஆட்டோ பறந்துகொண்டேதான் இருந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், என்ன படிப்பது என்பதில். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரு கல்லூரியில் பட்டத்தின் பெயரிலேயே 'கேம்' இருந்தது. பெனிட்டா அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜீவானந்தம் இன்ஜினியரிங்கைத் தவிர வேறு எதையும் காதில் வாங்கவில்லை. கவுன்சலிங் நெருங்க நெருங்க வீட்டில் குக்கர் விசில்கூடக் கேட்காத அளவுக்குச் சத்தம். கடைசியில் ஜான்சி நடுவில் வந்தாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் விசாரிச்சுட்டு வந்து சொல்றேன். நான் சொல்றதுதான் முடிவு. பெனி, நீயும் கூட வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது. பொண்ணு நடுவுல பேசுனா விசாரணை கெட்டுப் பூடும்."

பெனிட்டா கொஞ்சம் யோசித்தாள். அம்மா எதையும் மறைக்கமாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "சரி, பிராமிஸ்" என்றாள்.

முதலில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கல்லூரி. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம் என்பதால் ஜான்சி அதற்குக் 'கண்ணாடி வரன்' என்று பெயர் வைத்துவிட்டாள். உள்ளே ஏசி பல்லைக் கிட்டவைத்தது. சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிகிற நாற்காலிகள், சுவர் முழுக்கத் திரை. பெனிட்டா சொக்கிப்போனாள். வரவேற்பில் இருந்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஜான்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு வார்த்தைகூட நம்பாமல் வெளியே வந்து, எதிரில் இருந்த ஜூஸ் கடைக்குப் போனாள்.

அங்கே கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன் சாத்துக்குடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். பெயர் ஷ்யாம்சுந்தர், மூன்றாம் வருஷம். ஜான்சி, "தம்பி, நீ பண்ண கேமைக் கொஞ்சம் காட்டேன்" என்றாள். அவன் சந்தோஷமாகப் போனை நீட்டினான். ஒரு காடு. மரம், செடி, அருவி, அருவியில் விழுகிற வெயில் வரைக்கும் அவ்வளவு அழகு. ஒரு நரி துள்ளித் துள்ளி ஓடியது.

பெனிட்டாவால் தாங்க முடியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பிராமிஸை நினைத்துக்கொண்டு, அம்மாவின் காதில் கேள்வியை ஓதினாள். ஜான்சி அதைத் தூதுபோலச் சத்தமாகச் சொன்னாள். "நரி குதிக்குதே, அதுக்குக் கணக்கு யாரு போட்டான்னு கேக்கறா."

"அது சாஃப்ட்வேர்லயே ரெடியா வரும் ஆன்ட்டி. நான் வரையறது மட்டும்தான்."

பெனிட்டா மறுபடி ஓதினாள். "அது ரெடியா வரலைன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேக்கறா."

ஷ்யாம்சுந்தர் சிரித்துவிட்டு, பெனிட்டாவை நேராகப் பார்த்துச் சொன்னான். "எனக்கு டிராயிங்னா உயிரு. அதுக்காகத்தான் இங்க சேந்தேன், நல்லாவும் சொல்லித் தர்றாங்க. ஆனா நீ கேக்கறது வேற. நரி எப்பிடி குதிக்குதுன்னு உள்ள போயி பாக்கணும்னா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துடு. மேக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர், சி பிளஸ் பிளஸ் எல்லாம் அங்கதான் ஒழுங்கா நடத்துவாங்க. என் கூட டீம்ல இருக்கற புரோகிராமர் அண்ணாவே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்."

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் பெனிட்டா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டியதும் அவளாகவே, "அப்பா சொன்னது சரிதான், பி.இ.யே போலாம்மா" என்றாள். "அப்பா கிட்ட மட்டும் அப்பிடி சொல்லிடாத. நானே யோசிச்சேன்னு சொல்லு." ஜான்சி அதை மட்டும் ஒப்பிக்காமல் விட்டாள்.

ஆக, படிப்பு முடிவாகிவிட்டது. இனி கல்லூரி. பெனிட்டாவின் கட்-ஆஃபுக்கு நல்லதாக இரண்டு கிடைக்கும் போலிருந்தது. ஒன்று படப்பைப் பக்கம், இன்னொன்று மாம்பாக்கம் பக்கம். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததால் ஒரே பாடத்திட்டம். எதை முதல் விருப்பமாகப் போடுகிறார்களோ அதுவே கிடைத்துவிடும் என்று ஜீவானந்தம் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

படப்பை வரன் ஜான்சியின் மனதைக் கொள்ளைகொண்டுவிட்டது. கல்லூரி வாசலில் பூக்கடை வைத்திருந்த எல்லம்மா புகழ்ந்து தள்ளினாள். கேட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டாம். வகுப்பு விட்டதும் லேபைப் பூட்டிவிடுவார்களாம், அடுத்த நிமிஷம் எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்குமாம். சத்தமே கேட்காதாம். ஜான்சி கேட்கக் கேட்கப் பூரித்துப்போனாள். குடி இல்லை, சிகரெட் இல்லை, நேரத்துக்கு வீடு திரும்புகிற மாப்பிள்ளை, இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று ஜெபக்கூட்டத்திலேயே பாஸ்டரம்மாவிடம், "பெனிக்குப் படப்பைதான்" என்று சொல்லிவிட்டாள்.

மாம்பாக்கத்துக்கும் அவள் தனியாகத்தான் போய் வந்தாள். முறைக்கு ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றுதான்.

விருப்பப் பட்டியலை மூடுகிற நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிவரைதான் நேரம். ஜீவானந்தம் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜான்சி கிளினிக்கில் அரை நாள் சொல்லிவிட்டு மதியம் வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தன் விசாரணையை ஆரம்பித்தாள். படப்பையைப் பற்றி எல்லம்மா குரலில் சொன்னாள். பெனிட்டா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், முகம் சுண்டிக்கொண்டே வந்தது. அப்புறம் மாம்பாக்கம்.

"அங்க டீக்கடைக்காரர் தலையில அடிச்சுக்காத கொறைதான். எப்பிடி சொன்னாரு தெரியுமா?" ஜான்சி தொண்டையைச் செருமிக்கொண்டு டீக்கடைக்காரராகவே மாறினாள். "'அத்த ஏங்க்கா கேக்கற, பேஜாரு புடிச்ச பசங்க. காலேஜ் வுட்டாலும் வூட்டுக்குப் போவாதுங்க. லேப்ல குந்திகினு கத்திகினே கீதுங்க. வாட்ச்மேன் போயி லைட்ட அமத்துனாதான் எயுந்து வரும். வந்து என் கடையாண்ட நின்னுகினு மறுபடியும் சண்ட. இன்னாத்துக்குடா சண்டன்னு கேட்டா, ஏதோ பொம்ம செவுத்துக்குள்ள பூந்து பூடுச்சாம். பொம்ம பூந்தா இன்னா, பூராங்காட்டி இன்னாக்கா? பொண்ணுங்களும் சேந்துகினுதான் கத்துதுங்க!'"

ஜீவானந்தம் சிரித்தார். பெனிட்டா சிரிக்கவில்லை. மடித்த சுடிதாரை அப்படியே மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பொம்மை செவுத்துக்குள்ள போயிடுச்சுன்னா சொன்னாரு?"

"ஆமா, அதுக்கு இன்னா?"

"அம்மா, அவங்க கேம் பண்றாங்கம்மா! ஒண்ணு மேல ஒண்ணு மோதுனா நிக்கணும், நிக்காம உள்ள பூந்துடுது. என் ஆட்டோ பறக்குதே, அதுவும் கிட்டத்தட்ட இதே கேஸுதான். அதுக்காக சண்டையே போடறாங்களா? லேப் எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்காம்?"

"பெனி," என்றாள் ஜான்சி. குரலில் கண்டிப்பு இருந்தது. "நான் சொல்றதுதான் முடிவுன்னு ஒத்துக்கின. அந்த எடத்துல ஒரு கட்டுப்பாடு இல்ல. போற வர்ற நேரமே தெரியல. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? பாஸ்டரம்மா கிட்ட வேற சொல்லிட்டேன்."

பெனிட்டா சண்டை போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சண்டை போடவில்லை. சுடிதாரை எடுத்து மறுபடியும் மடித்தாள். "சரிம்மா. படப்பையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் 'சரிம்மா' ஜான்சியைச் சுருக்கென்று குத்தியது. அதே 'சரி'யை அவள் வேறு வீடுகளில் கேட்டிருக்கிறாள். எல்லாப் பொருத்தமும் சேர்ந்து, பெரியவர்கள் எல்லாம் மகிழ்ந்து, பெண்ணிடம் கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு வருகிற சரி. அந்தக் குரலைக் கேட்டாலே, வேண்டாம் நிறுத்துங்கள் என்று ஜான்சி எழுந்துவிடுவாள். ஊரார் பெண்களுக்காக அத்தனை பேர் பகையையும் சம்பாதித்தவள், சொந்த மகள் சொல்லும்போது எப்படிக் காதைப் பொத்திக்கொள்வது? பாஸ்டரம்மாவிடம் சொன்னது ஒருபக்கம் உறுத்தியது. தான் விசாரித்துச் சொன்னதை மாற்றிய வழக்கமே அவளுக்குக் கிடையாது. இருந்தும் கைப்பையை எடுத்தாள்.

"ஏங்க, நான் போன் பண்ற வரைக்கும் எதையும் அமுக்காதீங்க. பெனி, செருப்ப மாட்டு."

"எங்கம்மா?"

"மாம்பாக்கம். நானும் லேப் வாசல்ல நின்னு பாக்கல, டீக்கடையோட திரும்பிட்டேன். அதுவும் தப்புதானே?"

பெருங்களத்தூரில் பஸ் பிடித்து, வண்டலூரில் மாறி, வெயிலில் காய்ந்து போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் லக்ஷ்மிநாராயணன் வழிமறித்தார். அட்மிஷன் என்றால் ஆபீஸுக்குத்தான் போகவேண்டும், லேபுக்கு எல்லாம் விடமுடியாது என்றார். பேசும்போது ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டார். ஜான்சி விடுவாளா?

"கடவாப் பல்லா சார்? எத்தினி நாளா வலி? வீங்கிகினு கீது பாருங்க. இனிமே தைலம் எல்லாம் வைக்காதீங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணில கொப்புளிங்க, நாளைக்கே எங்க கிளினிக்குக்கு வந்துடுங்க. நான் டோக்கன் போட்டு வெச்சிடறேன்."

லக்ஷ்மிநாராயணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். துறைத் தலைவருக்குப் போன் போட்டு, மாணவியின் தாயார் லேபைப் பார்க்க விரும்புகிறார் என்று மரியாதையாகச் சொல்லி அனுமதி வாங்கி, தானே அழைத்துக்கொண்டும் போனார்.

டீக்கடைக்காரர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. உள்ளே பையன்களும் பெண்களும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் ஒரு குட்டி வீரன் நாலடி நடந்தான், தரை வழியாகக் கீழே விழுந்து காணாமல் போனான். எல்லாரும் "ஐயோ!" என்று கத்தினார்கள். மறுபடியும் நடந்தான், மறுபடியும் விழுந்தான். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பெனிட்டா வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து எட்டும் மட்டும் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? போ. பேசு" என்றாள் ஜான்சி.

அவ்வளவுதான், பெனிட்டா உள்ளே போய்விட்டாள். நடுவில் இருந்த பெண்ணின் பெயர் தபஸ்ஸும், மூன்றாம் வருஷம். வந்தது யார், எதற்கு வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "என் ஆட்டோ இதுக்கு நேர் ஆப்போசிட்க்கா. மேல பறந்துடும்" என்று பெனிட்டா சொன்னதும், "காட்டு, காட்டு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆட்டோ பயணிகளோடு பறந்தது. லேபே கைதட்டியது. சாஹில் என்ற பையன், "மச்சான், இது ஷேர் ஆட்டோ இல்லடா, ஏர்போர்ட் ஆட்டோ!" என்று கத்தினான்.

சிரித்து முடித்ததும் தபஸ்ஸும் மார்க்கரை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனாள். "திரையில நாம பாக்கறது எல்லாம் தனித்தனி படம்தான். ஆட்டோ ரொம்ப வேகமா வந்தா, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஸ்பீடு பிரேக்கருக்குள்ளயே போயிடுது. அப்புறம் சிஸ்டம் அதை வெளிய தள்ளுது. மொத்தமா தள்ளுதா, அதான் பறக்குது" என்று படம் போட்டாள். "வெக்டார் தெரியுமா?"

"பிளஸ் டூல மார்க்குக்குப் படிச்சேங்க்கா."

"இங்க வந்தா ஆட்டோவுக்குப் படிப்ப."

பெனிட்டா போர்டையே பார்த்தாள். "இல்லக்கா, அப்ப மெதுவா போனா பறக்கக் கூடாதே? சில சமயம் மெதுவா போனாலும் பறக்குதே?" என்றாள். தபஸ்ஸும் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாவுமா?" சாஹில் இது வேறு காரணம் என்றான். இன்னொருத்தி இல்லவே இல்லை என்றாள். சண்டை ஆரம்பித்தது. பெனிட்டாவும் அவர்களுக்குச் சமமாகக் குரலை உயர்த்திக் கத்தினாள்.

ஜான்சி வாசலிலேயே நின்றாள். உட்காருங்கள் என்று சொல்ல ஆளில்லை. கால் வலித்தது. "பெனி" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், மகள் காதில் விழவில்லை. கூட்டத்தில் தொலைந்தால்கூட முதலில் அம்மாவைத் தேடுகிற பெண், அம்மா நிற்பதையே மறந்துவிட்டாள். ஜான்சிக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் மகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அந்த வலி எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில், மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னதும் பெண்ணின் முகத்தில் இந்த வெளிச்சம் வருகிறதா என்று அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். சில பேருக்குத்தான் வரும். தன் பெண்ணுக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோது கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

கைப்பையில் போன் அடித்தது. ஜீவானந்தம் பதறினார். "அஞ்சு மணி ஆகப் போவுதுடி! படப்பைய லாக் பண்ணிடவா?"

"வேணாங்க. மாம்பாக்கத்த மேல போடுங்க."

"நீதானே பேஜாரு புடிச்ச எடம்னு சொன்ன?"

"ஆமா, இப்ப நேர்லயும் பாத்துட்டேன். ஒரே கத்தல். ஒருத்தருக்கும் நேரம் தெரியல, மரியாதையும் தெரியல. வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு சேர்கூடப் போடல."

"அப்புறம் இன்னாத்துக்கு அங்க? பாஸ்டரம்மா கேட்டா இன்னா சொல்லுவ?"

உள்ளே பெனிட்டா தபஸ்ஸுமின் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கி, போர்டில் இருந்த படத்தைப் பாதி அழித்துவிட்டுத் தன் கணக்கை எழுத ஆரம்பித்திருந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் அவளோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணுக்குப் புடிச்சுப்போச்சுங்க" என்றாள் ஜான்சி. "பேசி முடிச்சிடுங்க."